பெயின்ட்டா, சாந்தா?

வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டினால் கடல். ஆனாலும் இங்கே வளர்கிற எங்களில் பலருக்கு நீந்தத் தெரியாது. பின்னேரம் போய்க் காற்று வாங்குவோம், கால் நனைப்போம், அவ்வளவுதான். 1971இல் பாக்கு நீரிணையை நீந்திப் போய்த் திரும்பி வந்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனைப் பற்றிப் பெருமையாகக் கதைப்போம். ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு பிள்ளைகளைக் கடலுக்குள் இறங்க விட எத்தனை அம்மாமார் சம்மதிப்பார்கள்? அதிலும் பொம்பிளைப் பிள்ளைகளை?

எங்கள் தொடர்மாடியின் பின்பக்கத்தில் உள்ள சின்ன நீச்சல் தடாகம் எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். சனிக்கிழமை பின்னேரம் 2 மணித்தியாலம் பெண்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் மட்டும். என் தங்கச்சி நீந்தப் பழகியது அங்கேதான். ஐம்பது வயதில் முதல்தடவை தண்ணீருக்குள் முகம் வைத்த அன்ரி ஒருவரும் இருக்கிறா.

தடாகத்துக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல். முதலில் வெள்ளைச் சீமெந்தும் மாபிள் தூளும் கலந்த சாந்துப் பூச்சு. பிறகு அதற்கு மேல் இரண்டு தரம் நீலப் பெயின்ட். இப்போது அந்த நீலம் செதில் செதிலாகக் கழன்று ஃபில்டரில் அடைக்கிறது. சுவரைப் பிடித்தால் உள்ளங்கை உரஞ்சுகிறது.

கொமிட்டிக் கூட்டத்தில் மூன்று கட்சி. பெயின்ட் அடிப்போம் என்றது ஒன்று. பழசை உடைத்துப் புதுச் சாந்து பூசுவோம் என்றது இன்னொன்று. மூன்றாவது கட்சி அதிகம் கதைக்கவில்லை, "மூடிப்போட்டு கார் பார்க் ஆக்கலாமே" என்று மட்டும் சொன்னது. வெள்ளவத்தையில் கார் விட இடம் தேடியவர்களுக்கு அந்த வசனத்தின் பலம் தெரியும். சாந்துக்குக் கேட்ட விலை பெயின்ட்டைப் போல மூன்று மடங்கு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போன நாளிலிருந்து பராமரிப்புக் காசையே தவணையில் கட்டுகிற வீடுகள் எங்கள் கட்டடத்தில் இருக்கின்றன. ஆகவே பெயின்ட்தான் என்று முக்கால்வாசி முடிவாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மேசன் ஐயாவைக் கூட்டிவந்தோம். அவர் நிறத்தைப் பார்க்கவே இல்லை. தண்ணீரைப் பாதிக்கு இறக்கச் சொல்லி, சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஆழம் குறைந்த பக்கம் 'டிங்' என்று இறுக்கமான சத்தம். ஆழமான பக்கம் போகப் போக 'டொக் டொக்' என்று வெறும் பானையைத் தட்டுகிற மாதிரி.

"கேட்டீங்களா மகள்? சாந்து சுவரை விட்டுட்டுது. இதுக்கு மேல எவ்வளவு நல்ல பெயின்ட் அடிச்சாலும் சாந்தோட சேர்ந்து விழும்."

பிறகு நான் அவரைக் கேள்வி கேட்டே களைக்கப் பண்ணினேன். விளங்கியது இதுதான். பெயின்ட்டுக்குக் காய்ந்த சுவர் வேணும். எபொக்சி அடித்தால் தண்ணீர் விட முதல் ஒரு கிழமையாவது காய வேணும். ஈரம் உள்ளே இருந்தால் கொப்புளம் போடும். பழைய பெயின்ட் எந்த வகை என்று தெரியாமல் வேறு வகையை மேலே அடித்தால் ஒட்டாது. நன்றாக அடித்தாலும் சில வருசம்தான். சாந்து நேர்மாறு. பழைய பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி எடுத்தால்தான் அது பிடிக்கும். ஆனால் பூசி முடித்தவுடன் அதற்குத் தண்ணீர் வேணும், தண்ணீருக்குள் இருந்துதான் அது இறுகும். தண்ணீரின் அமிலத்தன்மையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருசத்துக்கு மேல் தாங்கும்.

இன்னொன்றும் சொன்னார். கடற்கரைப் பக்கம் நிலத்தடி நீர் உயரம். மழைக்காலத்தில் தடாகத்தை வெறுமையாக்கினால் கீழேயிருந்து வரும் தண்ணீர் முழுத் தொட்டியையும் மேலே தள்ளி வெடிக்க வைக்கலாம். அதனால் கொழும்பில் மழை குறைந்த தை, மாசியில்தான் வேலை.

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். விஞ்ஞானத்தை விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு கணக்கு. இப்போது பெயின்ட் அடித்தால் இரண்டு மூன்று வருசத்தில் திரும்பக் கழறும். அப்போது "இவ்வளவு செலவழிச்சும் சரிவரேல்லையே" என்று எல்லோரும் சலித்துப்போய் இருப்போம். கார் பார்க் கட்சிக்கு அன்றைக்கு வாயே திறக்கத் தேவையிருக்காது. மலிவான வழி தடாகத்தைக் காப்பாற்றுகிற மாதிரித் தெரிந்தாலும், அதை மூடுவதற்கான காரணத்தைத்தான் சேர்த்து வைக்கிறது.

எல்லோரும் சம்மதிக்கவில்லை. ஓய்வூதியத்தில் சீவிக்கிற ஒரு அங்கிள், "நான் நீந்தப்போறதில்லை, ஏன் கட்டவேணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருடைய பங்கை மற்ற வீடுகள் பிரித்துக்கொள்வது, மிச்சத்தைப் பத்து மாதத் தவணையில் சேர்ப்பது என்று முடிவானது. சாந்து இரண்டு வாக்கால் வென்றது. வேலை வருகிற தையில் தொடங்கும்.

உங்கள் தொடர்மாடியிலோ பள்ளிக்கூடத்திலோ பழைய தடாகம் இருந்தால், கூட்டத்துக்கு முதல் ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரைத் தட்டிப் பாருங்கள். சத்தம் எல்லா இடமும் இறுக்கமாக இருந்தால் தாராளமாகப் பெயின்ட் அடிக்கலாம், காசு மிச்சம். 'டொக்' என்று பரவலாகக் கேட்டால், நிற அட்டையை மூடி வைத்துவிட்டு மேசனைக் கூப்பிடுங்கள்.