கூண்டை அகற்றாத கலைக்கூடம்

அப்பா கோர்ட் குமாஸ்தா. சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் அந்த நீள வராந்தாவில் வயிற்றைக் கலக்கும். சிங்கப்பூரில், பாடாங் திடலைத் தாண்டிப் பழைய உச்ச நீதிமன்றத் தூண்களுக்குக் கீழே நின்றபோதும் அதே கலக்கம். உள்ளே இருப்பவை ஓவியங்கள்தான் என்று தெரிந்தும்!

1929-இல் கட்டி முடித்த நகர மண்டபமும் 1939-இல் திறந்த உச்ச நீதிமன்றமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்திட்டதும், 1959-இல் லீ குவான் இயூ பிரதமராகப் பதவியேற்றதும் நகர மண்டபத்தில்தான். நீதிமன்றம் 2005-இல் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. பிரான்சின் கட்டடக்கலை நிறுவனமான ஸ்டூடியோ மிலூ இரண்டையும் பாலங்களாலும், மரம்போல் கிளை விரிக்கும் தூண்கள் தாங்கும் கண்ணாடிக் கூரையாலும் இணைத்தது. 2015 நவம்பரில் தேசியக் கலைக்கூடம் பிறந்தது.

கூரை அழகுதான். ஆனால் என்னை நிறுத்தியது கீழே இருந்த காவல் அறை. விசாரணைக்குக் காத்திருந்த கைதிகளை அடைத்த அறைகளில் இரண்டை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். இரும்புக் கம்பிகள், கைகளை விரித்தால் சுவரில் இடிக்கும் அளவு இடம், மூலையில் கழிப்பறை. இங்கிருந்துதான் கைதியை மேலே, கூண்டுக்குக் கூட்டிப்போவார்கள். மேலே ஏறினால் நீதிபதியின் மேடையும் மரக் கூண்டும் இருக்கின்றன. அந்த மர விளிம்பைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். எத்தனை கைகள் நடுங்கிக்கொண்டு அதைப் பற்றியிருக்கும்!

பிறகு பாலம் கடந்து நகர மண்டபத்துக்குப் போனேன். அங்கே சுவா மியா டீ 1959-இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு'. வட்ட மேசையைச் சுற்றி மாணவர்கள். சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற அந்த ஆண்டில், தேசிய மொழியான மலாயைக் கற்கிறார்கள். கரும்பலகையில் இரண்டே கேள்விகள்: உன் பெயர் என்ன? எங்கே வசிக்கிறாய்?

கூண்டில் ஏறியவனிடம் முதலில் கேட்பதும் இதே இரண்டும்தானே! அங்கே அச்சுறுத்திய கேள்வி, இங்கே ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் பாடமாகிவிட்டது. கூண்டைப் பெயர்த்துவிட்டு வெள்ளையடித்திருந்தால் இது எனக்குத் தோன்றியே இருக்காது. பழைய கட்டடத்தைக் காப்பாற்றுவது என்றால் அதன் பயத்தையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும். இவர்கள் அதைச் செய்திருக்கிறார்கள்.

சிங்கப்பூர் போகிறவர்கள் முதலில் காவல் அறைக்குள் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிறகு அந்த ஓவியத்திடம் போங்கள்.