எந்தத் தெரு என்று கேட்டேன்

தன் கல்யாணச் செய்தியைச் சொல்ல என் மகள் முதலில் அழைத்தது என்னைத்தான். அதற்குத் தகுதியில்லாதவனாக நான் நடந்துகொண்டேன்.

பதிவுத் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, ஓய்வுபெறும்வரை சார்பதிவாளர் அலுவலகங்களிலேயே காலம் கழித்தவன் நான். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மனு வந்தால், அந்த அறிவிப்பைப் பலகையில் ஒட்டுவது பெரும்பாலும் என் வேலை. 30 நாள் அங்கே தொங்கும். யாரும் படிக்கலாம், யாரும் ஆட்சேபிக்கலாம். சாதி விட்டுச் சாதி கட்டுகிற பிள்ளைகள் அந்த 30 நாளுக்குத்தான் நடுங்குவார்கள். தகவல் தெரிந்து ஓடிவந்து சத்தம் போடும் அப்பன்மாரை உட்காரவைத்து, “பெத்த பிள்ளையைவிடவா சாதி பெருசு?” என்று கேட்டிருக்கிறேன். மனதாரத்தான் கேட்டேன்.

நண்பர்கள் வீட்டுச் சுயமரியாதைத் திருமணங்களில் பேசவும் கூப்பிடுவார்கள். 1967-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7அ பிரிவைப் பற்றித்தான் எப்போதும் பேசுவேன். புரோகிதர் வேண்டாம், உற்றார் நண்பர் முன்னால் மாலை மாற்றினாலும், ஒருவருக்கொருவர் மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் அது கல்யாணம்தான். ஊரைக் கூட்டித்தான் செய்ய வேண்டும் என்றில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அந்தச் செய்தியைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

அடுத்த சித்ரா பௌர்ணமியன்று மகள் கன்னியாகுமரியில் இருந்தாள். மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏறும் நேரம். கடற்கரையிலிருந்தே அழைத்தாள். “அப்பா, நான்தான் முதல்ல கேட்டேன். அவன் சரின்னுட்டான்பா. எல்லாரையும் கூப்பிடு, ஸ்பீக்கர்ல போடு!” அலைச் சத்தத்தோடு அவள் சிரிப்பு வீடு முழுக்கக் கேட்டது. என் மனைவி அழுதுவிட்டாள். என் அம்மா போனைப் பிடுங்கி, “நல்லாச் சிரிக்கிறானா? உன்னைய அழவைக்க மாட்டான்ல?” என்றார். பேத்தி “இல்ல அப்பத்தா” என்றாள்.

பிறகு போன் என் கைக்கு வந்தது. “பையனுக்குச் சொந்த ஊர் எது?” என்றேன்.

“தென்காசிப் பக்கம்ப்பா.”

“ஊருக்குள்ள எந்தத் தெரு?”

இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று நம் ஊர்களில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தெருவைக் கேட்போம், குலசாமியைக் கேட்போம். கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும் வந்தது. “காலனிப்பா. வச்சிடுறேன்” என்றாள். அந்தப் பையன் பக்கத்திலேயே நின்றிருந்தான். அங்கேயும் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தாள்.

நான் தடுக்கவில்லை. அதையே ரொம்ப நாள் எனக்கு நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பக்கம் வேலை பார்க்கும் பழைய சகா ஒருவரிடம், “குடும்பம் எப்படின்னு விசாரிங்க” என்றேன். எதை விசாரிக்கச் சொன்னேன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அண்ணன் என்ன சொல்வார், பங்காளிகள் என்ன பேசுவார்கள் என்று இரவெல்லாம் மனைவியைத் துளைத்தேன்.

மகள் 7அ வேண்டாம் என்றாள். சிறப்புத் திருமணச் சட்டத்தில்தான் மனுக் கொடுத்தாள். “30 நாளும் பலகையில தொங்கட்டும்ப்பா, எல்லாரும் பார்க்கட்டும்.” எங்கள் வீட்டு முகவரியோடு அது தொங்கிய நாட்களில் நான் அந்த அலுவலகச் சாலைப் பக்கமே போகவில்லை. சட்டம் கேட்கும் மூன்று சாட்சிகளில் ஒருவனாகக் கையெழுத்துப் போட்டேன். அண்ணனிடம் “காதல் கல்யாணம், மாப்பிள்ளைக்குத் தென்காசி” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். இன்றுவரை அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மகள் எந்தச் செய்தியையும் என்னிடம் முதலில் சொன்னதில்லை. அவள் உண்டாகியிருப்பதே மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்கிறாள். சந்தோஷத்தை மட்டும் என்னிடம் எடுத்து வருவதில்லை. என் கையில் கொடுத்தால் அதை என்ன செய்வேன் என்று ஒருமுறை பார்த்துவிட்டாள்.

மாப்பிள்ளை வாய் நிறைய மாமா என்றுதான் கூப்பிடுகிறார். அன்று கேட்டதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் படிக்க வேண்டும் என்றே இதை எழுதினேன். அண்ணனுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன்.