பூட்டினவங்களே வரணும்

ஆணி ரொம்ப அதிகம், அதான் இந்தப் பக்கமே வரல. இன்னைக்கு அந்த ஆணிகள்ல ஒண்ணைப் பத்தியே எழுதிடறேன். பொட்டி தட்டாதவங்களும் பயப்படாம படிக்கலாம், நடுவுல சிதம்பரம் கோயில் வருது :-)

நான் குப்பை கொட்டறது டேட்டாஸ்டேஜ்ங்கற மென்பொருள்ல. பல எடத்துல இருந்து வர்ற தகவல்களை அள்ளி, கழுவி, ஒரே எடத்துல கொண்டு போய்ச் சேர்க்கற வேலை. அசென்ஷியல்ங்கற கம்பெனியோட பொருளா இருந்தது, 2005ல அந்தக் கம்பெனியை ஐபிஎம் வாங்கினதும் அவங்களுதாயிடுச்சு. நாம எழுதற ஒவ்வொண்ணுக்கும் 'ஜாப்'னு பேரு. ஒரு ஜாபை டிசைனர்ல ஒருத்தர் திறந்து வேலை செஞ்சுக்கிட்டு இருந்தா சர்வர் அதைப் பூட்டிடும். வேற யாராவது திறக்கவோ கம்பைல் பண்ணவோ போனா, "இதை இன்னொருத்தர் உபயோகிச்சுக்கிட்டிருக்கார்"னு மொகத்துல அடிச்சா மாதிரி சொல்லும். நியாயந்தானே, ரெண்டு பேர் ஒரே நேரத்துல கை வெச்சா ஒருத்தர் வேலை காலி.

தகராறு எங்கன்னா, திறந்தவர் போயிட்ட பிறகும் பூட்டு மட்டும் நிக்கும்.

2018ல, சென்னையில வேலைக்குச் சேர்ந்து சில மாசந்தான் ஆகியிருந்தது. சாயங்காலம் ஆறரை மணி, நான் திருத்த வேண்டிய ஜாப் பூட்டிக் கிடக்கு. பூட்டினவங்க எங்க டீம் அக்கா. சீட்ல ஆள் இல்ல, பை இல்ல. போயிட்டாங்கன்னே நினைச்சேன். அப்பதான் பூட்டு உடைக்கற வித்தையைப் புதுசா கத்துக்கிட்டிருந்தேன். டேட்டாஸ்டேஜுக்கு அடியில யூனிவர்ஸ்னு ஒரு பழங்கால டேட்டாபேஸ் உக்காந்திருக்கு. அதோட ஷெல்லுக்குள்ள போய் 'லிஸ்ட்.ரீட்யூ எவரி'ன்னு அடிச்சா எந்த ஜாபை எந்த ப்ராசஸ் புடிச்சு வெச்சிருக்குன்னு பட்டியல் வரும். நம்பரைப் பார்த்து சர்வர்ல அந்த ப்ராசஸைக் கொன்னுட்டா பூட்டு கழண்டுடும். கொன்னேன். எவ்ளோ பெருமை எனக்கு!

ரெண்டு நிமிஷத்துல மீட்டிங் ரூம்ல இருந்து ஒரு குரல். "யாருடா என் கனெக்‌ஷன புடுங்கினது?"

அக்கா வீட்டுக்கெல்லாம் போகல. மடிக்கணினிய எடுத்துக்கிட்டு அமைதியா வேலை செய்யலாம்னு உள்ள போய் உக்காந்திருக்காங்க. மத்தியானத்துல இருந்து செஞ்ச மாத்தம் எதையும் சேமிக்கல. 81002ன்னு ஒரு எர்ரர், தொடர்பு அறுந்து போச்சுன்னு அர்த்தம். அது வந்தா திரையில எல்லாம் அப்படியே தெரியும், ஆனா சேமிக்க முடியாது. கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்கற லட்டு மாதிரி. அக்கா திட்டல. ஒரு நோட்டை என் கையில குடுத்து "நான் படிக்கறேன், நீ எழுது"ன்னாங்க. செத்துப்போன திரையைப் பார்த்து ஒவ்வொரு வரியா படிக்க, நான் எழுத, மணி பதினொண்ணு. திட்டியிருந்தாக்கூட தேவலைன்னு இருந்துச்சு.

இப்ப 2024க்கு வாங்க. வீட்டுல இருந்தே வேலை, கடலூர் மஞ்சக்குப்பத்துல. நவம்பர் 30, சனிக்கிழமை. மாசக் கடைசி லோடுக்கு ஒரு ஜாபைத் திருத்தி ஆகணும், வர்ற ஃபைல்ல தேதி வடிவத்தை மாத்தித் தொலைச்சிருந்தாங்க. ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு ஓடணும். ஃபெஞ்சல் புயல் அன்னைக்கு ராத்திரிதான் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. சாயங்காலமே கரெண்ட் போச்சு, கூடவே நெட்டும் போச்சு. என் ஜாப் திறந்தபடி அப்படியே.

ஞாயித்துக்கிழமை காலையில தெருவுல கரெண்ட் வர்ற அறிகுறியே இல்ல. மடிக்கணினிய ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, பைக்க எடுத்து, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம்னு நனைஞ்சுக்கிட்டே சிதம்பரம். அண்ணாமலை நகர்ல சித்தப்பா வீடு. நான் இஞ்சினியரிங் படிச்ச நாலு வருஷமும் சோறு போட்ட வீடு. அங்க கரெண்ட் இருந்துச்சு, நெட்டும் இருந்துச்சு.

தூக்கத்துல இருந்து எழுப்பின மடிக்கணினி மொதல்ல காட்டினது அதே 81002. அதை அப்படியே விட்டுட்டு இன்னொரு டிசைனரைத் திறந்து போய்ப் பார்த்தா... ஜாப் பூட்டிக் கிடக்கு. பூட்டினவர் பேரு? நானே! அவ்வ்வ்.

ஏன் இப்படின்னா, ஒழுங்கா மூடினா நம்ம பொட்டி சர்வர்கிட்ட "போய்ட்டு வரேன்"னு சொல்லும். நெட் பொசுக்குன்னு போனா சொல்ல வழியில்ல. சர்வர்ல நமக்காக நிக்கற ப்ராசஸ் நாம இன்னும் லைன்ல இருக்கோம்னு நம்பிக் காத்துக்கிட்டே இருக்கும். "இருக்கியா?"ன்னு கேட்டுப் பார்க்கற வசதி டிசிபில உண்டு, ஆனா லினக்ஸ்ல வழக்கமா 7200 விநாடி, அதாவது ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் மொத கேள்வியே. அதுவும் மென்பொருள் அந்த வசதியைக் கேட்டு வாங்கியிருந்தாத்தான். டேட்டாஸ்டேஜ் அட்மினிஸ்ட்ரேட்டர்ல சும்மா இருக்கறவங்களை வெளிய அனுப்ப ஒரு கெடு இருக்கு, அது தானா 86400 விநாடி. முழுசா ஒரு நாள்! செத்த ப்ராசஸோட பூட்டுகளைக் கால்மணிக்கு ஒரு தடவை பெருக்கித் தள்ள ஒரு காவக்கார புரோகிராமும் வெச்சுக்கலாம். ஆனா இங்க ப்ராசஸ் சாகல, ஆள்தான் இல்ல. அந்தக் காவக்காரனுக்கு வித்தியாசம் தெரியாது.

சர்வர்ல கை வைக்கற அனுமதி இப்ப என்கிட்ட இல்ல. அக்காகிட்ட இருக்கு, இப்ப அவங்கதான் லீட். போன் அடிச்சா எடுக்கல. வாட்சப்ல போட்டுட்டு உக்காந்திருந்தேன்.

"என்னடா மொகம் ஒரு மாதிரி இருக்கு?"ன்னு சித்தப்பா. பூட்டுக் கதையைச் சொன்னேன். அவரு சிரிச்சார். "பூட்டினவங்களே வந்தாத்தான் திறப்போம்னு சொல்றானா? இது எங்க ஊரு கதையாச்சேடா."

திருமுறை கண்ட புராணம் சொல்ற கதை. தேவார ஏடுகளைத் தேடி ராஜராஜன், நம்ம காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பிகிட்ட போறான். தில்லைக் கோயில்ல ஒரு அறையில இருக்குன்னு தெரிய வருது. இங்க வந்து கேட்டா, அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூணு பேரும் கையடையாளம் வெச்சுப் பூட்டினது, அவங்களே வந்தாத்தான் திறக்கலாம்னுட்டாங்க. மூணு பேரும் போய்ச் சேர்ந்து பல காலம் ஆச்சு. ராஜா சண்டை போடல. மூணு பேரோட திருவுருவங்களுக்கும் பூசை செஞ்சு, ஊர்வலமா அந்த அறை வாசலுக்கே கொண்டு வந்து நிறுத்திட்டான். "இதோ வந்துட்டாங்க, திற!" திறந்தா ஏடு மேலெல்லாம் கரையான் புத்து. எண்ணெய் ஊத்தி எடுத்ததுல மிஞ்சினதுதான் நமக்குக் கிடைச்சிருக்கு.

படை வெச்சிருந்தவன் கதவை உடைக்காம இருந்தானேன்னு எனக்கு அக்காவோட நோட்டு ஞாபகம் வந்துடுச்சு.

அப்பதான் மண்டையில உறைச்சது. பழைய டிசைனர் திரை இன்னும் திறந்தே இருக்கே! போனை எடுத்து ஒவ்வொரு ஸ்டேஜா திறந்து போட்டோ எடுக்க ஆரம்பிச்சேன். சித்தி எட்டிப் பார்த்துட்டு "கம்ப்யூட்டரை எதுக்குடா போட்டோ புடிக்கற?"ன்னாங்க.

அஞ்சு மணிக்கு அக்கா கூப்ட்டாங்க.

"பட்டியல்ல உன் பேருல ரெண்டு இருக்கு. எது செத்தது?"

"நேத்து ஆரம்பிச்சதுதான்க்கா."

"நேத்து எத்தனை மணி?"

"மூணரை இருக்கும்."

"இங்க மூணு நாப்பது. சரி. சேமிக்காதது ஏதாவது இருக்கா?"

"போட்டோ எடுத்துட்டேன்."

லைன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "நோட்டு வாங்கலியா?"ன்னு ஒரு சிரிப்பு. கொன்னாங்க. பூட்டு கழண்டுது.

போட்டோவைப் பார்த்துப் பார்த்து திரும்ப அடிச்சு, கம்பைல் பண்ணும்போது ஏழே முக்கால். எட்டு மணிக்கு ஓடிச்சு. "கரையான் அரிச்சது போக எவ்ளோடா மிச்சம்?"னு கேட்டார் சித்தப்பா. ரெண்டு போட்டோ கலங்கலா வந்திருந்தது, அந்த வரிகளை மட்டும் ஞாபகத்துல இருந்து எழுதினேன். அதுல ஒண்ணு தப்புன்னு புதன்கிழமை தெரிஞ்சுது, அதை விடுங்க.

அன்னைக்கு ராத்திரி கடலூர் திரும்பலாம்னு கிளம்பினவனை சித்திதான் தடுத்து தோசை சுட்டுப் போட்டாங்க. விடிஞ்சா சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில பாய்ஞ்சு கடலூருக்குள்ள வந்துடுச்சு. அந்தக் கதை தனியா எழுதணும்.