லாங் ரேஞ்ச் ஆன்டெனாவும் கொஞ்சம் வர்க்கமூலமும்

கடன் கோப்பில் கொட்டேஷனைப் பார்க்கும்போது என் கண் கடைசி வரிகளுக்குத்தான் முதலில் போகும். மேலே இருக்கும் பெரிய தொகைகளை எல்லோரும் பார்ப்பார்கள். படகு, எஞ்சின், வலை, ஐஸ் பெட்டி... அந்தக் கோப்பில் இதெல்லாம் முடிந்து கீழே ஒரு ஓரத்தில் "லாங் ரேஞ்ச் ஆன்டெனா, 14 அடி, 9 டெசிபெல் - 1" என்று இருந்தது. எஞ்சின் விலையோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. ஆனால் நடுக்கடலில் ஆபத்து என்று வந்துவிட்டால், மொத்தப் படகும் அந்தச் சில்லறையை நம்பித்தான் இருக்கும்.

நான் பி.காம். படித்தவன். இவனுக்கு ஆன்டெனாவைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான் :-) ஆனால் படகுக்காரர் கேட்ட கேள்வி அப்படி. "சார், இதைப் போட்டா எவ்வளவு தூரம் பேசலாம்? கடைக்காரர் ஐம்பது மைலுங்கிறார். நெசமா?"

அவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். இந்தத் தீவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. விமான நிலையத்தை ஒட்டின எங்கள் லம்பா லைனில்தான் அவருக்கும் வீடு. ஜங்லிகாட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர். என்னைவிட வயதில் மூத்தவர், அதனால் நான் அண்ணே என்பேன். அவர் எத்தனை தடவை சொன்னாலும் சார் என்பதை விடமாட்டார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் ரட்லண்ட் தீவுக்கு அப்பால் எஞ்சின் நின்று, அவரும் மகனும் ஒரு ராத்திரி முழுக்க மிதந்தார்கள். வயர்லெஸ் செட் வேலை செய்தது. மற்ற படகுக்காரர்கள் தெலுங்கிலும் வங்காளியிலும் தமிழிலும் மீன் விலை பேசுவது காதில் விழுந்துகொண்டே இருந்தது. இவர் கூப்பிட்டதுதான் ஒருத்தருக்கும் கேட்கவில்லை! விடிந்தபின் தற்செயலாக வந்த ஒரு டுங்கி கயிறு கட்டி இழுத்து வந்தது. "கேட்குது சார், ஆனா நாம பேசறது போகலை. செத்துப்போனவன் வீட்டுக்குள்ள நிக்கிற மாதிரி இருந்துச்சு" என்றார். அதைக் கேட்டபிறகு அந்தக் கடைசி வரியை டிக் அடித்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

படகுகளில் பேசும் கடல் ரேடியோ வி.எச்.எஃப். வகை. ஆபத்துக்கும் அழைப்புக்கும் உலகம் முழுக்க சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி உருண்டையாக இருப்பதால் ஒரு தூரத்துக்கு மேல் கடலே மறைத்துவிடும். ஆகவே தூரத்தைத் தீர்மானிப்பது முதலில் உயரம்தான். வாட் எல்லாம் அப்புறம்.

கணக்கு ரொம்ப எளிது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12 ஆல் பெருக்கினால் அதன் அடிவானம் கிலோமீட்டரில் வரும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே போட்டுக் கூட்டவேண்டும்.

2 மீட்டர் உயரத்துக்கு 5.8 கி.மீ.
4 மீட்டருக்கு 8.2 கி.மீ.
9 மீட்டருக்கு 12.4 கி.மீ.
கரையில் மலைமேல் 100 மீட்டரில் ஆன்டெனா இருந்தால் 41 கி.மீ.

அதாவது தூரம் இரட்டிக்க வேண்டுமென்றால் உயரம் நான்கு மடங்காக வேண்டும். கடைக்காரர் சொன்ன ஐம்பது மைல் முழுப் பொய் இல்லை. எதிர்ப்பக்கம் உயரமான மலைமேல் கோபுரம் இருந்தால், நடுவில் வேறு மலை எதுவும் மறைக்காவிட்டால், நெருங்கலாம். ஆனால் படகிலிருந்து படகுக்கு? இரண்டிலும் 4 மீட்டர் என்றால் 16 கி.மீ.யைத் தாண்டினாலே பெரிது. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஊர் கிழக்குக் கரையில் இருக்கிறது. தீவின் முதுகெலும்பு மாதிரி மலைகள். மேற்குப் பக்கம் மீன் பிடிப்பவரின் குரலைக் கடல் மறைக்கும் முன்பே மலை மறைத்துவிடும்.

அடுத்தது அந்த 9 டெசிபெல். இதை எப்படி விளக்குவது என்று யோசித்தேன். கடைசியில் என் தொழிலே கைகொடுத்தது. ஆன்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்காது. செட் கொடுப்பது 25 வாட், அவ்வளவுதான் பட்ஜெட். டெசிபெல் கூடிய ஆன்டெனா என்ன செய்கிறது? மேலேயும் கீழேயும் போகிற ஒதுக்கீட்டை வெட்டி, பக்கவாட்டுத் தலைப்பில் போடுகிறது. மாவு உருண்டையை அழுத்தினால் சப்பாத்தி அகலமாகும், தடிமன் குறையும் இல்லையா, அதே கதை.

துறைமுகத்தில் ஆடாமல் நிற்கும் பெரிய கப்பலுக்கு அகலமான சப்பாத்தி நல்லது. ஆனால் நம் படகு அலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயுமே! சாயும்போது சப்பாத்தியும் சாயும். ஒரு விளிம்பு வானத்தைப் பார்க்கும், இன்னொன்று தண்ணீரைக் குத்தும். எதிரில் இருப்பவருக்குக் குரல் வந்து வந்து போகும். அதனால்தான் நன்றாக ஆடும் சின்னப் படகுக்கும் பாய்மரப் படகுக்கும் 3 டெசிபெல், சுமார் மூன்றடி ஆன்டெனா போதும் என்பார்கள். அவ்வளவாக ஆடாத நடுத்தரப் படகுக்கு 6 டெசிபெல், எட்டடி. 14 அடியும் அதற்கு மேலும் பெரிய கலங்களுக்கு. தவிர, 14 அடிக் கம்பை ஒரு சின்ன ஃபைபர் படகில் கட்டினால் தென்மேற்குப் பருவக்காற்றில் அதன் அடிப்பிடி எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே நாங்கள் செய்தது இதுதான். 14 அடி வேண்டாம். மூன்றடி, 3 டெசிபெல். மிச்சப்பட்ட காசில் வீல் ஹவுஸ் மேல் ஒரு துருப்பிடிக்காத எஃகுக் குழாய். ஆன்டெனா தண்ணீரிலிருந்து 4 மீட்டரில் நிற்கும்படி. பழையது பக்கவாட்டில் 2 மீட்டர் உயரத்தில்தான் கட்டியிருந்தது.

பழைய ஆன்டெனாவைக் கழற்றியபோதுதான் அந்த ராத்திரியின் ரகசியம் தெரிந்தது. கேபிள் முனையில் இருக்கும் கனெக்டரை அண்ணனின் மகன் திருகி எடுத்தான். உள்ளே பச்சைப் பாசி மாதிரி களிம்பு. உப்புத் தண்ணீர் இறங்கி, கேபிளுக்குள் இருக்கும் செப்புப் பின்னல் ஒரு விரல் நீளத்துக்குக் கருத்துப் போயிருந்தது. இப்படி ஆனாலும் பக்கத்துப் படகின் பேச்சு பலமாக வருவதால் காதில் விழும். ஆனால் நாம் அனுப்பும் 25 வாட்டில் பெரும்பகுதி அந்தப் பாசியிலேயே கரைந்துவிடும். "கேட்குது, போகலை" என்று அவர் சொன்னது இதைத்தான்.

கேபிளிலும் கணக்கு உண்டு. மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் இந்த அலைவரிசையில் 100 அடிக்குச் சுமார் 6 டெசிபெல் விழுங்கும். அதாவது 50 அடி ஓட்டினாலே பாதிச் சக்தி போச்சு. தடித்த ஆர்.ஜி.213 அதில் பாதிகூட விழுங்காது. படகுகளில் தேவைப்படுவது இருபதடிதான், ஆனாலும் நல்ல கேபிள் உப்புக்காற்றில் நீண்ட நாள் தாங்கும். நாங்கள் தடித்ததையே போட்டோம்.

பொருத்தும்போது கவனித்த மற்ற விஷயங்கள்:

கனெக்டரை நன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்து, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினோம். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் உரிந்துவிடும்.

கேபிளைக் கூர்மையாக மடிக்கக்கூடாது. வீல் ஹவுஸுக்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டால், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஜி.பி.எஸ். ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்கவேண்டும்.

பேட்டரி ஒயர் தடிமனாக இருக்கவேண்டும். பேசும் நேரத்தில்தான் செட் அதிக மின்சாரம் இழுக்கும். மெல்லிய ஒயரில் வோல்ட் இறங்கி, குரலும் இறங்கும்.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் இரவல் வாங்கிப் பார்த்தோம். 1.5க்குக் கீழ் வந்தால் நல்லது, 3க்கு மேல் போனால் எங்கோ தப்பு. எங்களுக்கு 1.3 வந்தது.

மறுநாள் ஒரு சொந்தக்காரர் படகை வெளியே அனுப்பிச் சோதித்தார்கள். அதில் ஆன்டெனா 2 மீட்டர் உயரத்தில். கணக்குப்படி 14 கி.மீ. பதின்மூன்று வரை பேச்சு தெளிவாக இருந்ததாம், பதினைந்தில் கரகரவென்று ஆகிவிட்டதாம். வர்க்கமூலம் பொய் சொல்லவில்லை :-)

நிற்க.

"அப்ப கரைக்கு எப்படி சார் எட்டும்?" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. நெடுந்தூரத்துக்கு எச்.எஃப். என்று இன்னொரு அலை உண்டு. அது வானத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். அதற்கு இந்த ஊரே சாட்சி. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் ரேடியோ பெண்மணி இங்கே வந்து, தங்கியிருந்த ஹோட்டலிலேயே ஆன்டெனா கட்டி, உலகம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். 26ஆம் தேதி காலை நிலநடுக்கமும் சுனாமியும் வந்து தொலைபேசிகள் செத்துப்போனபோது, அவரும் குழுவினரும் அதே நிலையத்தை அவசரச் செய்திகளுக்குத் திருப்பினார்கள். தீவில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற சேதி தாய்நாட்டுக் கரைக்கு அந்தக் கம்பி வழியாகப் போனது.

ஆனால் எச்.எஃப். ஆன்டெனா பல மீட்டர் நீளம், தனி டியூனர், நல்ல கிரவுண்ட் எல்லாம் கேட்கும். சின்னப் படகுக்குக் கட்டாது. ஹாம் உரிமத்தை மீன் வியாபாரத்துக்குப் பயன்படுத்தவும் முடியாது. (வி.எச்.எஃப். செட்டுக்கும் மத்திய அரசின் வயர்லெஸ் உரிமம் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.)

வி.எச்.எஃப். எட்டாத இடத்துக்குச் செயற்கைக்கோள்தான் வழி. இஸ்ரோ உருவாக்கிய டாட் என்ற ஆபத்துக்கால டிரான்ஸ்மிட்டர் 2010 முதல் மீனவர்களிடம் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் படகு இருக்கும் இடத்தோடு கடலோரக் காவல்படைக்குச் சேதி போகும். 2024இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் "உங்கள் சேதி கிடைத்தது" என்று பதிலும் வரும். ராத்திரி முழுக்கப் பதிலில்லாமல் கத்தியவருக்குத்தான் அந்த ஒரு வரிப் பதிலின் மதிப்பு தெரியும். அண்ணனின் கொட்டேஷனில் அதையும் சேர்க்கச் சொன்னேன்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்டப் படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. அவர்களிடம் இருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. 2019இல் நம் நீல் தீவுக்காரர் ஒருவர் புயலில் அடித்துச் செல்லப்பட்டு, 28 நாள் மிதந்து ஒடிசாவில் கரை ஒதுங்கினார். கூடப் போனவர் திரும்பவில்லை. இதையெல்லாம் வெறும் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்ப முடிவதில்லை.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து ஊரில் அண்ணனுக்கோ மச்சானுக்கோ படகு வாங்கப் பணம் அனுப்புகிறவர்கள் இதைப் படிப்பீர்கள். எஞ்சின் எத்தனை குதிரைசக்தி என்று கட்டாயம் கேட்பீர்கள். அதோடு இன்னும் நான்கு கேள்வி கேளுங்கள். ஆன்டெனா தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரம்? கனெக்டரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? டாட் இருக்கிறதா? கடலோரக் காவல்படையின் 1554 எண் வீட்டில் இருக்கும் அண்ணிக்குத் தெரியுமா?

கடன் பாஸாகிவிட்டது. மாசத்துக்கு ஒருமுறை பையன் கனெக்டரைக் கழற்றித் துடைத்துவிட்டு, சின்ன நோட்டில் தேதி எழுதுகிறான். வட்டி கட்டும் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். ரெண்டுமே தவணை தவறக்கூடாத சமாச்சாரம்.