ஒன்றில் கால் வைக்காதே

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃபில் ஒரு லைன் வீட்டின் பின்புறம், தகரக் கொட்டகை. வாசலிலேயே நிறுத்தினார் நடன மாஸ்டர். "செருப்பை அங்கயே விட்டுடுங்க சார். தூசி ஆகாது." தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், மலை மலையாக நிற்கிற ஊர். சயனைடு மேடு என்பார்கள். காற்றடித்தால் அந்தப் பொடி சோற்றுத்தட்டு வரைக்கும் வரும். லத்தீன் நடன ஷூவின் அடிப்பாகமோ சொரசொரப்பான மெல்லிய தோல். பொடி ஏறினால் வழுக்கிவிடும். பேசிக்கொண்டே கம்பி பிரஷ்ஷால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தொலைக்காட்சி நடனப் போட்டிகளில் பிரபலங்களுக்கு ஜோடியாக ஆடியவர் அவர். 2004இல் பிபிசி தொடங்கிய 'ஸ்டிரிக்ட்லி கம் டான்ஸிங்'தான் இந்த வகைக்கு முன்னோடி. 2006இல் சோனி அதை 'ஜலக் திக்லா ஜா' என்று இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஆடத் தெரியாத ஒரு நடிகையையோ விளையாட்டு வீரரையோ ஒப்படைப்பார்கள். சில நாளில் மேடையேற்ற வேண்டும். ஜோடி தோற்றால் இவருக்கும் அன்றோடு வேலை முடிந்தது.

அன்று பிள்ளைகளுக்கு ரும்பா. "டூ, த்ரீ, ஃபோர்... ஒண்ணுல கால் வைக்காத! எடையை மட்டும் இறக்கு." ரும்பாவில் அடி வைப்பது 2, 3, 4இல். முதல் தட்டில் பாதம் நகராது. இடுப்பு மட்டும் மெல்ல அமரும். நானும் முயன்றேன். ஒவ்வொரு முறையும் கால் ஒன்றில்தான் விழுந்தது.

"சினிமாப் பாட்டுக்குப் பழகின காலு சார், அப்படித்தான் விழும். பெரிய ஸ்டாருக்கும் இதே கதைதான்."

"மேடையில விழுந்தா?"

என் இடது தோள்பட்டை எலும்பின் மேல் வலது கையை வைத்தார். லேசாக ஓர் அழுத்தம். நான் நினைக்காமலே என் உடம்பு திரும்பியது. பார்க்கிறவர்களுக்கு நானே திரும்பியதாகத்தான் தெரியும். "அவங்க தப்புன இடத்துல நாம முட்டு கொடுக்கணும். அது வெளிய தெரியக் கூடாது."

முட்டு என்ற சொல் அவருக்கு வீட்டிலிருந்து வந்தது. அப்பா சுரங்கத்தில் கூரை சரியாமல் மரம் நிறுத்துகிற வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து இந்தத் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அந்த வெளிச்சத்தில், சுரங்கத்துக் கிளப்பில் வெள்ளைக்காரர்கள் வால்ட்ஸ் ஆடினார்கள். தமிழ்த் தொழிலாளிக்கு அங்கே ஆடுகிற இடம் இல்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். அப்போது மாஸ்டருக்குப் பதினாறு வயது. ஊரே வேலைக்கு ரயிலேறி பெங்களூருக்குப் போனது. இவரும் ஏறினார், பகலில் கடை வேலை, மாலையில் நடன வகுப்பு.

எனக்கு ஆற்றாமை ஒன்றுதான். நேயர்கள் நட்சத்திரத்துக்கு வாக்களிக்கிறார்கள். அந்த உடம்பைத் திருப்பிய கைக்குத் தனி மதிப்பெண் கிடையாது. ரும்பாவும் ஜைவும் சேர்ந்த ஐந்து லத்தீன், வால்ட்ஸும் டாங்கோவும் சேர்ந்த ஐந்து பால்ரூம், ஆக பத்து நடனமும் கற்ற கை அது. இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

மூலையில் ஒரு சிறுமி தனியாக எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கு முடிந்து ஒன்று வந்தது. அவள் பாதம் நகரவில்லை. மாஸ்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.