கம்பு வீச்சுக்கு மார்க் போடுவது

சிலம்பத்தில் தொடுமுறைப் போட்டிக்கு நடுவராக உட்காருவது எனக்குப் பெரிய பாரமில்லை. கம்பு பட்டதா, எங்கே பட்டது, யாருடையது முந்தியது என்பதைக் கண் சொல்லிவிடும். அந்தக் காலத்தில் நுனியில் சாம்பலைத் தடவிவிடுவார்கள். உடம்பில் விழுந்த தடம்தான் தீர்ப்பு. தலைவலியெல்லாம் தனித்திறமைப் பிரிவில். ஒற்றைக் கம்போடு பையன் வணக்கம் போட்டு இறங்கினால் அவனுக்கு எதிராளி கிடையாது. எதிரே நாங்கள்தான் இருக்கிறோம்.

கச்சிராயபாளையத்தில் ஒரு போட்டி முடிந்ததும் ஒரு தகப்பனார் மேசைக்கே வந்துவிட்டார். "என்ன மாஸ்டர், எம்புள்ள குதிச்சுக் குதிச்சு முதுகுக்குப் பின்னால கம்ப மாத்துனான். அந்தப் பையன் சும்மா நின்னு வீசுனான். அவனுக்கு எப்படி மொதப் பரிசு?"

ஒலிம்பிக்கிலேயே இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. 2010 வான்கூவர் போட்டி, ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங். நான்கு சுற்றுத் தாவல் செய்த ரஷ்யாவின் பிளஷென்கோவுக்கு 256.36 புள்ளி. அதைச் செய்யாத அமெரிக்காவின் லைசாசெக் 257.67 எடுத்துத் தங்கம் வாங்கினார். என்னைக் கேட்டால் அந்த முடிவு சரி. எந்தத் தாவலுக்கு எவ்வளவு புள்ளி என்ற பட்டியல் முன்பே இருவருக்கும் தெரியும். நான்கு சுற்றுக்கு அது போதாதென்றால் பட்டியலோடு சண்டை போட வேண்டும், நடுவரோடு அல்ல.

எங்கள் ஊர்ப் போட்டிகளில் பட்டியல் பெரும்பாலும் நடுவர் மண்டைக்குள் இருக்கிறது. ஒருவருக்குக் காலடி சுத்தம் முக்கியம், இன்னொருவருக்கு வேகம். ஆசானுக்கு ஆசான் கால் மாற்றும் இடம் வேறுபடும். அந்த வரிசை பழகாதவர் அதைப் பிழையென்று குறைத்துவிடுவார். முதலில் இறங்குகிறவன் பாடு இன்னும் மோசம். பின்னால் நல்லவன் வந்தால் என்ன செய்வது என்று கை தானாகவே இழுத்துப் பிடிக்கும்.

2002 சால்ட் லேக் சிட்டியில் ஜோடிப் பிரிவுத் தீர்ப்பு நாறிய பிறகுதான் ஸ்கேட்டிங்கில் பழைய 6.0 முறையே போனது. இப்போது ஒன்பது நடுவர். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தள்ளிவிட்டுச் சராசரி எடுக்கிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாமே என்கிறார்கள் எங்கள் பையன்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று நடுவர் வந்து சேர்வதே எங்களுக்குப் பெரும்பாடு. மேலும் கீழும் தள்ளினால் நடுவில் ஒரு மார்க் மிஞ்சும். தனியொருவரின் ஓரவஞ்சனையை அது தடுக்கும், உண்மைதான். மூவரில் இருவர் ஒரே ஆசானின் சிஷ்யர்களாக இருந்தால்? எங்கள் பக்கம் பாதி நாள் அப்படித்தான் அமைகிறது.

சால்ட் லேக் சிட்டி ஊழலுக்குப் பின் ஸ்கேட்டிங்கில் எந்த மார்க் எந்த நடுவருடையது என்று வெளியே தெரியாமல் மறைத்தும் பார்த்தார்கள். ஓரம் சாய்ந்தவர் யாரென்று வெளியாள் கண்டுபிடிக்க வழியில்லாமல் போனதுதான் மிச்சம். 2016இல் அதைக் கைவிட்டார்கள். நான் என் தாளில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பேன், பெற்றோர் கேட்டால் காட்டவும் செய்வேன். என் மாணவன் இறங்கும்போது நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தபின் சான்றிதழ் வெறும் காகிதமில்லை.

போட்டிக்கு முன்பே பட்டியல் எழுதி எல்லா ஆசான்களுக்கும் வாசித்துக் காட்டும் வழக்கத்தையும் தொடங்கியிருக்கிறோம். கம்பு கைநழுவினால் எவ்வளவு குறைப்பது என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். குதித்து மாற்றும் கம்புக்கு எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் இழுபறி. சின்னசேலம் பக்கத்து ஆசான்கள் இரண்டு மார்க் கேட்கிறார்கள். இறங்கும்போது கால் சரியாக ஊன்றாவிட்டால் அரை மார்க்கூடத் தரமாட்டேன் என்று நான் நிற்கிறேன்.