மதுரையில் மணி பார்த்துச் சாப்பிடணும்

போன வருஷம் செமஸ்டர் லீவில் மதுரைக்குப் போனேன். கூடப் படிக்கும் நண்பனுக்கு அதுதான் சொந்த ஊர். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடிக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து மின்சார ரயில், அப்புறம் பாண்டியன் எக்ஸ்பிரஸ். பையில் துணிமணியைவிட முக்கியமாக ஒரு தாள் வைத்திருந்தேன். இட்லி, கறிதோசை, ஜிகர்தண்டா, பருத்திப்பால், பன் பரோட்டா. ஒரே நாளில் ஐந்தையும் முடித்து, உள்ளூர்க்காரன் மாதிரி ஏப்பம் விடுவது என்று திட்டம்!

விடியற்காலை இறங்கியதும் டவுன்ஹால் ரோட்டில் டீ. "அண்ணே, கறிதோசை எங்க நல்லா இருக்கும்?" என்று டீ மாஸ்டரிடம் கேட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார். "இந்நேரத்துல கறிதோசையா? அதுக்குப் பொழுது சாயணும் தம்பி." என் நண்பன் என்னைத் தெரியாதவன் மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டில் அவன் அப்பத்தாவிடம் இதைச் சொல்லிச் சிரித்தான். அப்பத்தா சிரிக்கவில்லை. "அந்தத் தாள வாசிச்சுக் காட்டுய்யா" என்றார். வாசித்தேன். "எல்லாம் சரிதான். எதை எந்நேரம் திங்கணும்னு எழுதலையே?" என்று கேட்டுவிட்டு, அவரே வரிசை போட்டுக் கொடுத்தார்.

காலையில் இட்லி. மதியம் வீட்டுச் சாப்பாடு, பேச்சே கிடையாது. வெயில் மண்டையைப் பிளக்கும் மூன்று மணிக்கு விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி. அந்த வெயிலில் குடித்தால்தான் அந்தப் பெயருக்கு அர்த்தம் புரிகிறது.

சாயங்காலம் தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, சுக்கும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சுகிறார்கள். ராத்திரி சிம்மக்கல்லில் கறிதோசை. கல்லில் மாவு, அதன்மேல் முட்டை, அதன்மேல் மசாலாவில் வெந்த கொத்துக்கறி. ஒன்றுக்கு மேல் முடியவில்லை. பன் பரோட்டா அடுத்த நாளைக்குத் தள்ளிப் போனது.

பத்து மணிக்கு மேலும் இட்லிக் கடைகளில் ஆவி பறந்தது. தூங்கா நகரம் என்று சும்மா சொல்லவில்லை. சங்க காலத்து மதுரைக்காஞ்சியிலேயே பகல் கடைத்தெருவுக்கு நாளங்காடி, இரவுக் கடைத்தெருவுக்கு அல்லங்காடி என்று தனித்தனிப் பெயர் உண்டு. ஊருக்கு ஊர் இப்படி ஒரு கடிகாரம் இருக்கும் போல. இத்தாலியின் தெற்கே நேப்பிள்ஸ் நகரத்தில் காபியைக் கடையில் நின்றபடியே இரண்டு மடக்கில் குடித்துவிட்டுப் போவார்களாம். பால் நுரை பொங்கும் கப்புச்சினோ காலையோடு சரி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் கேட்பவர் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். டவுன்ஹால் ரோட்டில் நான் கறிதோசை கேட்ட கதைதான்!

கிளம்பும்போது அப்பத்தா கேட்டார்: "ஒங்க ஊர்ல என்னய்யா விசேஷம்?"

"எங்க ஊர்லயா? ஒண்ணும் கிடையாது அப்பத்தா" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் ரயிலில் அந்த பதில்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. இருபது வருஷமாகச் சாப்பாடு போட்ட ஊரை ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுத்துவிட்டேனே!

ஊருக்கு வந்தபின் நானும் மணி பார்க்க ஆரம்பித்தேன். காலை ஏழரைக்கு பஸ் ஸ்டாப் பக்கத்துத் தள்ளுவண்டியில் இட்லியும் வடகறியும். எட்டேகாலுக்குப் போனால் வடகறி தீர்ந்திருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு டீக்கடையில் சூடான சமோசா. ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் ஆட்கள் இந்தியில் சிரித்துப் பேசியபடி நிற்க, பக்கத்திலேயே நம்மாட்கள் மசால்வடையைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். தினமும் பார்த்ததுதான். ஆனால் ஒருநாளும் நின்று கவனித்ததில்லை.

பொங்கல் முடிந்து நண்பன் இங்கே வருகிறான். அவனுக்காகவும் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் நேராக மணியும் போட்டிருக்கிறேன்.